உடைக்க வேண்டிய க்யூப்

ஜனவரி 20, திங்கள்

கேம்பஸ் கவுன்சலிங் டாக்டர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். "என்ன தோணுச்சுன்னு எழுத வேணாம் ஞானவேல். என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க, அது போதும்" என்றார். அது எனக்கு வரும். லேபில் அப்படித்தான் எழுதுவோம்.

எழுந்தேன். மெஸ்ஸில் பொங்கல். லேபுக்குப் போனேன். தொட்டியில் தண்ணீர் மாற்றினேன். வந்து துணி ஊறவைத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

ஊறவைத்ததை மறந்து இன்னொரு வாளியில் வேறு துணியை ஊறவைத்திருக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

இரண்டு வாளித் துணியையும் துவைத்தேன். நல்ல வெயில்.

டாக்டர் என் ஆராய்ச்சி என்னவென்று கேட்டார். தனக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எழுதுகிறேன்.

இரும்பு ஆலையில் கழிவாக வருவது ஸ்லாக். அதை மாவாக அரைத்து, சிமெண்டில் பாதிக்குப் பதிலாகப் போட்டு கான்கிரீட் செய்கிறேன். இந்தக் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். ஆனால் மற்றது இறுகி நின்ற பிறகும் இது இறுகிக்கொண்டே போகும். அதுதான் என் தீசிஸ். இதைக் காட்டுவதற்குச் சதுரக் கட்டிகளாக வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைப்போம். க்யூப் என்று பெயர். ஒரு மாதம் ஆனதும் மூன்றை எடுத்து மெஷினில் வைத்து நசுக்குவோம். மூன்று மாதத்தில் இன்னும் மூன்று. ஒரு வருஷத்தில் கடைசி மூன்று. எவ்வளவு பாரத்தில் உடைகிறதோ அதுதான் அதன் பலம்.

கடைசி மூன்றுதான் பாக்கி. பிப்ரவரி 11 அன்று ஒரு வருஷம்.

ஜனவரி 31, வெள்ளி

எழுதியதைப் படித்துவிட்டு டாக்டர் கேட்டார், "அத ஒடச்சுட்டா?"

"சினாப்சிஸ் குடுக்கலாம்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன என்று அவரே சொல்வார் என்று காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். நேரம் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 1, சனி

ஹாஸ்டல் ஆபீஸிலிருந்து போன். மேரீட் ஸ்காலர் குவார்ட்டர்ஸை எப்போது காலி செய்வேன் என்று கேட்டார்கள். பேசிய பெண் ரொம்பத் தயங்கினாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க, சிஸ்டம்ல உங்க ஸ்டேட்டஸ் மாத்தணும். சிங்கிள்னு போடவா?" என்றாள். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ரெண்டுதான் சார் இருக்கு." எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன். பிறகு எதைப் போட்டாள் என்று கேட்க மறந்துவிட்டேன். நான் இப்போது எது என்று தெரியவில்லை.

திண்டிவனத்துக்குப் போன் செய்து, குவார்ட்டர்ஸ் காலி செய்கிற விஷயத்தை அத்தையிடம், தாமரையின் அம்மாவிடம், சொன்னேன். மகளின் துணிமணியை எடுத்துக்கொள்ள ஒருநாள் வருவதாகச் சொன்னார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தொட்டியில் மூன்று க்யூப்பும் அடியில் இருக்கின்றன. கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். எழுத்து அழியவில்லை.

வார்த்த அன்றே ஈரக் கான்கிரீட்டின் மேல் ஆணியால் கலவை எண்ணும் தேதியும் கீறிவைப்பது எங்கள் வழக்கம். போன வருஷம் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உதவிக்கு ஆள் வரவில்லை. வீட்டிலிருந்து தாமரை வந்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட், கான்கிரீட்டுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. ஆணியைக் காணோம் என்று தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்துக் கீறினாள். S50, கீழே தேதி. அவள் போடும் ஐந்து எஸ் மாதிரியே இருக்கும். மூன்றிலும் அப்படித்தான் இருக்கிறது.

செப்டம்பரில் அவளுக்குக் காய்ச்சல். நான்கு நாள்.

மெஸ்ஸில் இன்று புளிசாதம்.

பிப்ரவரி 10, திங்கள்

தொட்டியில் இடம் போதவில்லை. அந்த மூன்று க்யூப்பையும் குவார்ட்டர்ஸுக்கு எடுத்து வந்தேன். ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ. ஈரக் கோணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஒவ்வொன்றாக. இரண்டாவது நடையில் செக்யூரிட்டி நிறுத்தினார்.

"இன்னா சார் மூட்டை?"

"கான்கிரீட்."

"ஊடு கட்றீங்களா?"

"இல்ல."

கோணியை விலக்கிப் பார்த்தார். விட்டுவிட்டார். மூன்றாவது நடையில் சல்யூட் அடித்தார்.

க்யூப் காயக் கூடாது. இரண்டு வாளி இருந்தது. மூன்றாவது வாளி வாங்கினேன். சிவப்பு.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒரு வருஷ டெஸ்ட் முடிந்தது. 51.2, 50.6, 52.0. சராசரி 51.3.

மெஷின் ஓட்டும் சம்பந்தம் அண்ணன், "என்னா தம்பி, ஒரு வருசம் தண்ணில கெடந்த க்யூப்பு புது மாப்ள மாதிரி பளபளன்னு இருக்கு?" என்றார்.

"தேச்சுக் கழுவினேன்ணே."

"மொகத்துக்கு என்னா போடுறன்னு எனக்கும் சொல்லு."

சிரித்தேன். மாலை சப்பாத்தி, குருமா.

பிப்ரவரி 13, வியாழன்

ஹெலன் மேடத்திடம் ரிசல்ட்டைக் கொடுத்தேன். மேடம்தான் என் கைடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மூணு மாசத்துல என்ன வந்துச்சு?"

"ஐம்பத்தொண்ணு மேடம்."

"இப்பவும் ஐம்பத்தொண்ணு. அப்போ ஒம்பது மாசமா உன் கான்கிரீட் என்ன பண்ணிட்டு இருந்துச்சு? தூங்கிச்சா?"

ரிசல்ட் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"ஏறியிருக்கணும் ஞானவேல். கொறஞ்சது அறுபது தொட்டிருக்கணும். மெஷின்ல தப்பு இருக்குமோ?"

"போன மாசம்தான் மேடம் காலிப்ரேட் பண்ணாங்க."

"அப்ப ஸ்லாக்லதான் கோளாறு." தாளை மடித்து வைத்தார். பிறகு, "சாப்பிடுறியா ஒழுங்கா?" என்றார். எதற்குக் கேட்டார் என்று புரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

வெறும் தண்ணீரில் வெகுநாள் இருந்தால் க்யூப்பிலிருக்கும் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே போகும். சுண்ணாம்புத் தண்ணீர் நல்லது. லேபிலிருந்து எடுத்தால் கேட்பார்கள். கேம்பஸ் கேட்டுக்கு வெளியே உள்ள பெட்டிக்கடைக்குப் போய் வெற்றிலைச் சுண்ணாம்பு கேட்டேன்.

"எவ்ளோ?"

"அரைக் கிலோ."

கடைக்காரர் என் வாயைப் பார்த்தார். "இந்த வயசுல இவ்ளோ போட்டா ஈறு வெந்துடும் சார்" என்றார். எனக்கில்லை என்றேன். வீட்டில் யாருக்கு என்றார். நூறு ரூபாயை நீட்டினேன். இருந்ததையெல்லாம் ஒரு கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தார். மூன்று வாளியிலும் சமமாகக் கரைத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பதினொன்றாம் தேதி உடைத்தது நான் நவம்பரில் வார்த்த க்யூப். அதே கலவை. அதே ஸ்லாக், அதே மணல், அதே தண்ணீர். மறுபடி ஒருமுறை சரிபார்க்க வார்த்து வைத்தது. அதில் கலவை எண் மட்டும்தான் கீறியிருந்தேன், தேதி போட மறந்திருந்தேன். அதற்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. கலவை ஒன்றுதான். க்யூப்பைப் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். யார் எடுத்தாலும் மாறும்.

யார் எடுத்தாலும் மாறும் என்று இரண்டு தடவை எழுதிவிட்டேனா என்று பார்த்தேன். ஒரு தடவைதான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

லைப்ரரியில் உட்கார்ந்தேன். மூடும் வரை அதே பக்கம்.

பிப்ரவரி 20, வியாழன்

ஷாஹிரா என் ஜூனியர். மேடத்திடம்தான் அவளும் செய்கிறாள். அதே ஸ்லாக்கில் உத்தரங்கள் வார்த்து, உப்புத் தண்ணீரில் வைத்திருக்கிறாள், கடலோரப் பாலத்துக்கு ஆகுமா என்று பார்க்க. இரண்டு வருஷ வேலை. இன்று என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, மேடம் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"எத?"

"எல்லாத்தையும். உங்க ஒரு வருஷ ரிசல்ட்ட வெச்சுப் பாத்தா இந்த ஸ்லாக்கே வேஸ்ட்டாம். வேற எடத்துலேருந்து வரவழைச்சு முதல்லேருந்து வார்க்கணுமாம். என் பீம தூக்கி வெளியில போடணுமாம் ண்ணா."

"இன்னும் முடிவு பண்ணலல்ல?"

"திங்கக்கிழம லாரி வருது, அள்ளிட்டுப் போக." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வாணியம்பாடில எங்கம்மா, தீசிஸ் முடிஞ்சாதான் நிக்காஹ்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லி வெச்சிருக்காங்க. அவருக்கு முடியெல்லாம் கொட்டுது ண்ணா. நான் முடிக்கிறதுக்குள்ள மொட்டையாயிடுவாரு."

நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாள். லாரியை அடுத்த வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். ஏன் என்றாள். சும்மா என்றேன்.

"நீங்க ரெண்டு தடவ செக் பண்ணீங்கல்ல ண்ணா?"

"ம்."

"அப்ப சரி. நீங்க பண்ணா சரியாத்தான் இருக்கும்."

பிப்ரவரி 21, வெள்ளி

வாளித் தண்ணீர் மாற்றினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தாமரையின் அம்மா வந்தார். கையில் இரண்டு காலிப் பை. அலமாரியைத் திறந்துகொடுத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தேன். புடவை ஒவ்வொன்றையும் உதறி, மறுபடி மடித்து, பையில் வைக்கும் சத்தம் கேட்டது. முகம் கழுவப் போனவர் பாத்ரூமிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, இது இன்னா குளிக்கிற எடத்துல கல்ல ஊறப் போட்டிருக்கீங்க?"

"லேபோடது அத்த."

"லேபோடது லேப்ல இல்லாம?" குந்தி உட்கார்ந்து வாளிக்குள் கை விட்டார். விரல் எழுத்தின் மேல் பட்டது. முந்தானையால் துடைத்துப் பார்த்தார். "இது தாமர எழுத்து."

ஆமாம் என்றேன்.

"அஞ்சப் பாரு. இந்த அஞ்சுக்கு எங்கிட்ட எத்தினி ஒத வாங்கிருக்கா தெரியுமா? கடசி வரிக்கும் திருந்தல." மற்ற வாளிகளையும் பார்த்தார். மூன்றிலும் அந்த ஐந்தைத் தடவினார். பிறகு எழுந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இதுல ஒண்ண எங்கிட்ட குடுத்துடுங்க தம்பி. சாமி அலமாரில வெச்சிக்கிறேன். ஒங்களுக்கு ரெண்டு இருக்குல்ல" என்றார்.

"தர முடியாது அத்த."

"ஏன்?"

"மூணு வேணும். மூணையும் மெஷின்ல வெச்சு ஒடைக்கணும்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் சொல்கிற பதில் அது. வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஒடைக்கவா? அவ கைப்பட எழுதினதயா?"

"ஒடைக்கிறதுக்குத்தான் அத்த செஞ்சது."

"அப்ப லேப்ல ஒடைக்காம இங்க இன்னாத்துக்கு எடுத்தாந்து ஊற வெச்சிருக்கீங்க?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கினேன்.

"பெத்தவ கேக்குறேன், ஒரு கல்லு. நீங்களும் வெச்சிக்க மாட்டீங்க, எனக்கும் தர மாட்டீங்க. நல்லா இருக்குய்யா ஒங்க ஞாயம்" என்றார். டீ போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கோயம்பேடு வரை கூட வருகிறேன் என்றேன். அதுவும் வேண்டாம் என்றார். ஆட்டோவில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்து, "தாடியாவது எடுங்க" என்றார்.

பிப்ரவரி 24, திங்கள்

லாரி இன்று வரவில்லை. நாளை மறுநாள் வருமாம்.

தாடி எடுத்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மேடம் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் எதையோ டைப் செய்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். டெஸ்ட் செய்தது ஒரு வருஷ க்யூப் இல்லை. நவம்பர் க்யூப்.

"மாத்தி எடுத்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவரே அந்த வழியைத் திறந்துவிட்டார் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

"இல்ல மேடம். தெரிஞ்சேதான் எடுத்தேன்."

டைப் செய்வதை நிறுத்தினார். "ஷாஹிராவோட ரெண்டு வருஷத்தக் குப்பையில கொட்ட இருந்தேன் நான். தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சு எத்தன நாளு சும்மா இருந்த?"

சொன்னேன். தனக்குக் கோபம் வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று மேடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் என்றேன். அதற்கு மட்டும் கோபம் வந்துவிட்டது. "ஒனக்கு என்னத்துக்குடே கோபம் வரணும்?" என்று கத்தினார். நாகர்கோவில் பேச்சு அவருக்குக் கோபத்தில்தான் வரும்.

தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த மூணும் எங்க?" என்றார்.

"குவார்ட்டர்ஸ்ல. பாத்ரூம்ல."

"காஞ்சு போச்சா?"

"இல்ல மேடம். சுண்ணாம்புத் தண்ணில இருக்கு."

என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் தாடி இல்லாததைக் கவனித்தார் போல. "சுண்ணாம்புத் தண்ணி வேற" என்றார். "நாளைக்குக் காலைல மெஷின் சும்மா இருக்கு. நான் கார் எடுத்துட்டு வாரேன், சைக்கிள்ல கட்டிட்டு வராத. வயச உள்ளபடி போடு, ஒரு வருஷமும் ரெண்டு வாரமும்னு. கமிட்டில நடந்தத நீதான் சொல்லணும். உனக்குப் பதிலா நான் சொல்ல மாட்டேன். ஷாஹிராகிட்ட இப்பவே போய்ச் சொல்லு."

போனேன். சொன்னேன். ஷாஹிரா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "லாரிக்காரனுக்கு நீங்களே போன் பண்ணி வேணாம்னு சொல்லுங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. போன் செய்தேன்.

பிப்ரவரி 26, புதன்

காலையில் மேடம் கார் டிக்கியில் மூன்று வாளியையும் ஏற்றினோம். லேபில் சம்பந்தம் அண்ணன் மெஷினைத் துடைத்து வைத்திருந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. கிண்டல் எதுவும் செய்யவில்லை. அது கஷ்டமாக இருந்தது. ஷாஹிரா வந்து கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

க்யூப்பை மெஷினில் வைக்கும்போது எழுதிய பக்கத்தை மேலேயோ கீழேயோ வைக்க மாட்டோம். அது முழுச் சமமாக இருக்காது. பக்கவாட்டில் வைப்போம். அதனால் எழுத்து நம்மைப் பார்த்து நிற்கும். முதல் க்யூப்பை நானே தூக்கி வைத்தேன். வலைக் கதவைச் சாத்தினார் அண்ணன். பாரம் ஏறியது. திரையில் பாரம் ஓடியது, கிலோநியூட்டனில். ஆயிரம். ஆயிரத்து நூறு. நவம்பர் க்யூப் உடைந்த இடத்தைத் தாண்டியது. ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து முந்நூறு. "ஏறுதுய்யா" என்றார் அண்ணன். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆயிரத்து நானூறை நெருங்கும்போது வெடித்தது. பாரத்தைப் பரப்பால் வகுத்தால் பலம் 62.1. எழுத்து இருந்த பக்கம் அப்படியே பெயர்ந்து தட்டில் விழுந்தது.

இரண்டாவது 60.4.

ஷாஹிரா கையை அவிழ்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "ஏறிருக்குல்ல ண்ணா? அப்ப ஸ்லாக் நல்லாத்தான இருக்கு?" என்றாள். ஆமாம் என்றேன்.

மூன்றாவதை வைத்தேன். ஆயிரத்தைத் தாண்டியதுமே படீர் என்றது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 44.8. மூன்று க்யூப்பும் ஒன்றுக்கொன்று இவ்வளவு விலகினால் அந்த மூன்றும் கணக்கில் வராது. அதுதான் விதி.

"என்னது இது?" என்றார் மேடம்.

கதவைத் திறந்து துண்டுகளை எடுத்தேன். அடிப் பாகம் பொத்தலாக இருந்தது. ஜல்லி தனியாக, இடையில் சாந்தே போகாமல், தேன்கூடு மாதிரி. அச்சில் மூன்று அடுக்காகக் கொட்டி, அடுக்குக்கு முப்பத்தைந்து தடவை இரும்புக் கம்பியால் குத்த வேண்டும். குத்தாவிட்டால் இப்படித்தான் இருக்கும்.

மற்ற இரண்டையும் குத்தியது நான். ஒன்றைத் தான் செய்வதாகக் கேட்டு வாங்கினாள் தாமரை. நான் தராசு பக்கம் இருந்தேன். சத்தமாக எண்ணினாள். பத்து, பதினொண்ணு, பன்னண்டு. பிறகு சத்தமில்லை. பிறகு திடீரென்று முப்பத்திநாலு, முப்பத்தஞ்சு. என்னடி அதுக்குள்ளயா என்று கேட்டேன். "எண்ணிட்டேன்பா. வாய்க்குள்ள எண்ணக் கூடாதா?" என்றாள்.

"கம்பாக்‌ஷன் சரியில்ல மேடம்" என்றேன்.

"யார் குத்துனது?"

"தாமரை."

அவள் பெயரைச் சொன்னதும் எல்லாரும் செய்வதையே இவர்களும் செய்தார்கள். மேடம் தலைகுனிந்தார். அண்ணன் துணியை எடுத்து, துடைத்த மெஷினை மறுபடி துடைத்தார்.

"எண்ணவே இல்ல மேடம்" என்றேன். "பன்னண்டோட நிறுத்திட்டு முப்பத்திநாலுக்குத் தாவிட்டா. கேட்டேன் மேடம், அப்பவே கேட்டேன். வாய்க்குள்ள எண்ணினாளாம். சொன்னா கேக்க மாட்டா. எதச் சொன்னாலும் கேக்க மாட்டா." என் குரல் அந்த லேபில் அவ்வளவு சத்தமாக ஒலித்து நான் கேட்டதில்லை. அண்ணன் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

மேடம் மெதுவாகச் சொன்னார். "மத்த ரெண்டும் ஷாஹிராவுக்குப் போதும். அவ வேலையத் தொடரலாம். ஆனா உன் தீசிஸ்ல இந்த செட்டப் போட முடியாது ஞானவேல். மறுபடி வார்க்கணும். ஒரு வருஷம்."

"ஒரு வருஷமா? இவளாலயா?"

அந்தப் பொத்தல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து நடந்தேன். பதினாறு நாள் இதைத் தொட்டியிலிருந்து தூக்கி, சைக்கிளில் கட்டி, சுண்ணாம்பு கரைத்து, தண்ணீர் மாற்றி, மாமியாரிடம் பேச்சு வாங்கி, கடைசியில் உள்ளே இப்படி. போய்க் கதவைத் திறந்ததும் அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று வேகமாக நடந்தேன். முதலில் துண்டை மேஜைமேல் வைக்க வேண்டும். இது என்ன என்று கேட்க வேண்டும். வாய்க்குள் எண்ணினேன் என்பாள். அப்படியானால் இது எப்படி வந்தது என்று பொத்தலில் விரலை விட்டுக் காட்ட வேண்டும். ஒரு கல்லுக்கு இந்தக் குதி குதிக்கிறாயே என்பாள். ஒரு கல் இல்லை, ஒரு வருஷம் என்று சொல்ல வேண்டும். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே படியேறினேன். கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டில் சாவியைப் போட்டேன்.

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். மத்தியானம் முழுக்க அழுதேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். குடித்தேன்.